கணக்கேடுகளில் முன்னோர்

தம் முன்னோர் யாவர், அவர் எங்கு வாழ்ந்தனர் என்று அறிய விழைதல் மக்களுக்கு இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொல்குடியினருக்கோ அவ்விழைவு எளிதில் நிறைவேறுவதன்று. அவருள் பலர் தம் பழைய நிலங்களினின்றும் பெயர்க்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்கு வேற்றுமொழிப் பெயர்கள் சூட்டப்பட்டன. அறுந்த மரபினை மீண்டும் இணைக்க விரும்புவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிக்கணக்கு ஏடுகளை நாடுகின்றனர்.

அந்நாட்டில் 1790 ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது. ஐரோப்பியர் தொல்குடியினரை 'இந்தியர்' எனப் பிழைபட வழங்கினர். தம் குலத்தின் ஆட்சியிலேயே வாழ்ந்தோர் 'வரி செலுத்தாத இந்தியர்' எனப்பட்டுக் கணக்கினின்றும் விலக்கப்பட்டனர். பிற மக்களோடு கலந்து வாழ்ந்தோர் 1860 ஆம் ஆண்டில்தான் தனி இனமாகக் குறிக்கப்பட்டனர். அப்பொழுதும் ஒருவரை எவ்வினத்தவர் என எழுதுவது பெரிதும் கணக்கெடுப்போர் கருத்தையே பொறுத்திருந்தது. ஆதலின், தொல்குடியினர் சிலர் ஏடுகளில் வெள்ளையராகவோ கறுப்பராகவோ காணப்படுகின்றனர்.

1884 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று புதுவழி திறந்தது. தொல்குடியினர்க்கென ஒதுக்கிய நிலப்பகுதிகளை மேற்பார்த்த அரசாங்க அலுவலர், அங்கு வாழ்வோரை ஆண்டுதோறும் கணக்கிடல் வேண்டும் என்பது அதன் ஆணை. 1885 முதல் 1940 வரை எழுதப்பெற்ற இவ்வேடுகளில் தாய்மொழிப் பெயர், ஆங்கிலப் பெயர், குடும்ப உறவு, வயது ஆகியவை குறிக்கப்பட்டன. 1890 ஆம் ஆண்டின் பொதுக்கணக்கு ஏடுகளிற் பெரும்பகுதி, 1921 இல் வாசிங்டன் நகரில் நேர்ந்த தீயின் விளைவாக அழிந்துபோயிற்று. அதனால் நேர்ந்த இடைவெளியை நிரப்புவனவும் இவ்வாண்டேடுகளே.

முன்னோரைத் தேடுவோர் தாம் நன்கறிந்த ஒருவரிடமிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். ஓர் ஏட்டில் மூன்று வயதுக் குழந்தையாக உள்ளவள், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிந்திய ஏட்டில் பதினெட்டு வயதினளாக, மற்றொருவர் மனைவியாக, புதுப்பெயருடன் தோன்றலாம். வயதும் உறவும் ஒத்திருத்தல் கண்டு அவளை அறிதல் கூடும். கணக்கெடுத்தோர் தம் செவிக்கு எட்டியவாறே எழுதியமையின், ஒரே பெயர் பல வடிவில் வரும். பெயர் ஒன்றையே சான்றாகக் கொண்டு ஒருவரை முடிவு செய்தல் தகாது. 1900 ஆம் ஆண்டின் கணக்கில் தொல்குடியினர்க்கெனத் தனித்தாள்கள் இருந்தன. அவை தந்தையின் குலம், தாயின் குலம் ஆகியவற்றைக் கூறுதலால், மேலும் ஒரு தலைமுறைக்கு வழிகாட்டும்.

இத்தேடலால் விளையும் பயன் பெரிது. செரோக்கி முதலிய ஐந்து குலத்தார்க்கு, 1898 ஆம் ஆண்டு தொடங்கி 'டாஸ் பட்டியல்' எழுதப்பெற்றது. ஓக்லகோமா மாநிலத்திலுள்ள செரோக்கி நாட்டில் குடியுரிமை வேண்டுவோர், தம் நேர் முன்னோர் ஒருவர் பெயர் அதில் உள்ளதெனக் காட்டுதல் வேண்டும். அன்று பதிந்துகொள்ள மறுத்தவர் வழியினர்க்கு இன்று அவ்வுரிமை எய்துதல் அரிது.

ஆள்வோர் தம் ஆட்சியின் பொருட்டு எழுதிய ஏடுகள், இன்று வழித்தோன்றல்களுக்குக் குலவரலாறு கூறுகின்றன. எனினும், அவை முழுமையானவை அல்ல. குடும்பத்துப் பெரியோர் சொல்லும் செய்திகளையும் அவற்றோடு ஒப்புநோக்கல் வேண்டும். ஏட்டில் பெயரில்லை என்பதனால், அம்மண்ணில் ஒருவர் வாழ்ந்ததே இல்லை என்று கொள்ளலாகாது.