துயிலெழாத கணினி

பள்ளி அலுவலகம் ஒன்றில் எழுத்தர் காலையில் வந்து கணினியின் பொத்தானை அழுத்துகிறார். விசிறி சுழல்கிறது; விளக்கு எரிகிறது. ஆயினும், நாள்தோறும் தோன்றும் திரை தோன்றவில்லை. கறுத்த திரையின் மேல்மூலையில் வெண்ணிற எழுத்தில் ஒரு சிறு வரி மட்டும் நிற்கிறது. மாணவர்களின் மதிப்பெண்களும், சான்றிதழ்ப் பதிவுகளும், ஆண்டு முழுதும் எழுதிச் சேர்த்த கணக்குகளும் அக்கணினிக்குள் உள்ளன. அவையெல்லாம் அழிந்தொழிந்தனவோ என்று அவருடைய உள்ளம் நடுங்குகிறது. அருகிலிருக்கும் ஒருவர், "அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே வழி" என்கிறார். அந்த அறிவுரையை ஏற்றால், அதுவரை அழியாதிருந்தவை அப்பொழுதுதான் உண்மையில் அழியும்.

கணினி எழவில்லை என்பது வேறு; கணினியில் உள்ளவை அழிந்தன என்பது வேறு. திறவுகோல் தொலைந்தமையால் வீட்டிலுள்ள பொருள்கள் தொலைந்தனவாகா. இவ்விரண்டினுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதற்குக் கணினி எவ்வாறு துயிலெழுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

மின்னோட்டம் நின்றவுடன் கணினியின் நினைவகம் தான் கொண்டிருந்த அனைத்தையும் மறந்துவிடுகிறது. இயங்குதளம் எனப்படும் பெருநிரல் வன்தட்டில் உறங்குகிறது. அதனை நினைவகத்திற்குக் கொணர்ந்தால்தான் கணினி வேலை செய்யும். கொணர்வதற்கோ ஒரு நிரல் வேண்டும். அந்நிரலை யார் கொணர்வது? தன் காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. இயலாத செயலைக் குறிக்கும் அவ்வழக்கிலிருந்தே, கணினி எழுவதற்கு 'பூட்' என்னும் பெயர் வந்தது.

முற்காலத்தில் இச்சிக்கலை மனிதரின் கையே தீர்த்து வைத்தது. 1952ஆம் ஆண்டில் அறிமுகமான ஐ.பி.எம். 701 என்னும் கணினியில், ஏற்றுவதற்கெனத் தனிப் பொத்தான் இருந்தது. அதனை அழுத்தியவுடன், துளையிட்ட அட்டை முதலியவற்றிலிருந்து முதற் கட்டளைகளைக் கணினி படித்துக்கொண்டது. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினியிலோ, முகப்பிலுள்ள விசைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி முதல் நிரலைப் பயனரே உள்ளிட வேண்டியிருந்தது. இன்று அவ்வேலையைத் தாய்ப்பலகையில் பதிக்கப்பெற்ற ஒரு சில்லு செய்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் அதிலுள்ள நிரல் மறைவதில்லை.

கணினி துயிலெழும் முறையைப் பள்ளி விளையாட்டு விழாவில் நிகழும் தொடரோட்டத்தோடு ஒப்பிடலாம். ஒருவர் ஓடி, தம் கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். அவர் மற்றொருவரிடம் ஒப்படைக்கிறார். எவரேனும் ஒருவர் கோலைத் தவறவிட்டால் அணி முழுவதும் நின்றுவிடும்.

இவ்வோட்டத்தில் முதல்வர் சில்லிலுள்ள நிரல். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினி முதலாக நெடுங்காலம் இதற்குப் பயாஸ் என்று பெயர். இது நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதித்தபின், வன்தட்டின் முதற் கூறினைப் படிக்கும். அக்கூறு 512 பைட்டு அளவே உடையது. அதிலும் 446 பைட்டே நிரலுக்கு உரியது. 64 பைட்டு, வன்தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டு அடையாளக் குறிக்கும் உரியன. புதிய கணினிகளில் பயாஸின் இடத்தை யூ.இ.எஃப்.ஐ. என்பது பெற்றுள்ளது. இது தட்டின் முதற் கூறினை நாடாமல், அதற்கெனவே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பிரிவில் கோப்பாக வைக்கப்பட்டுள்ள நிரலைத் தேடி இயக்கும். எக்கோப்பை முதலில் இயக்க வேண்டும் என்னும் வரிசையைத் தன் நினைவிலேயே குறித்து வைத்திருக்கும்.

இரண்டாமவர் பூட்லோடர் எனப்படும் ஏற்றி. பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸை வெளியிட்டார். தொடக்கத்தில் லிலோ என்னும் ஏற்றி அதற்குப் பெரிதும் பயன்பட்டது. 1995ஆம் ஆண்டில் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கிய கிரப் என்னும் ஏற்றியே இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ளது. பழைய முறைக் கணினியில், 446 பைட்டுக்குள் கிரப் முழுவதும் அடங்காது. ஆதலின், முதற் கூறில் அதன் தலைப்பகுதி மட்டும் இருக்கும். அது, பிரிவுகள் தொடங்குமுன் உள்ள வெற்றிடத்தில் வைக்கப்பட்ட நடுப்பகுதியை அழைக்கும். நடுப்பகுதி, லினக்ஸ் பிரிவினுள் இருக்கும் எஞ்சிய பகுதியைத் தேடிச் சேர்த்துக்கொண்டு, பட்டியலைத் திரையில் காட்டும்.

மூன்றாமவர் கெர்னல் எனப்படும் லினக்ஸின் கரு. அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் ஒரு சிறு கோப்புத் தொகுதியும் நினைவகத்தில் ஏறும். வன்தட்டைத் திறப்பதற்குத் தேவையான கருவிகள் அதில் உள்ளன. கரு அதன் துணையால் லினக்ஸ் பிரிவைத் திறந்தபின், ஏனைய பணிகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. பயனரின் திரை தோன்றுகிறது. இத்தனையும் ஒரு நிமிடத்திற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

கணினி எழாதபோது, கோல் எவர் கையில் தவறியது என்பதே முதல் வினா. அதற்கு விடை பெரும்பாலும் திரையிலேயே எழுதப்பட்டிருக்கும். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்பது போன்ற செய்தி தோன்றினால், முதலாமவர் இரண்டாமவரைக் காணவில்லை என்பது பொருள். கழற்ற மறந்த பென்டிரைவை அது முதலில் நாடியிருக்கலாம். வன்தட்டின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். ஏற்றியை நாடும் வரிசை மாறியிருக்கலாம். லினக்ஸ் உள்ள கணினியில் விண்டோஸைப் பின்னர் நிறுவும்போதும் இத்தகைய மாற்றம் நேர்வதுண்டு. அப்பொழுது பிழைச் செய்தி எதுவுமின்றி விண்டோஸ் மட்டும் எழும். லினக்ஸ் மறைந்தது போலத் தோன்றும். அதன் பிரிவோ தட்டில் அப்படியே இருக்கும்.

'கிரப் ரெஸ்கியூ' என்னும் சொற்கள் தோன்றினால், கிரப்பின் நடுப்பகுதி விழித்துவிட்டது. தன் எஞ்சிய பகுதியை அது காணவில்லை. வன்தட்டின் பிரிவுகளை அழித்தாலும் மாற்றியமைத்தாலும் இந்நிலை நேர்வதுண்டு. 'கிரப்' என்னும் சொல் மட்டும் தோன்றிக் கட்டளைக்குக் காத்திருந்தால், கிரப் முழுமையாக எழுந்துள்ளது. பட்டியலைக் கூறும் கோப்பே அதற்குக் கிட்டவில்லை. பட்டியல் தோன்றி, அதன்பின் 'கெர்னல் பேனிக்' என்று எழுதி நின்றால், கோல் கருவின் கையில் தவறியது எனலாம். புதுப்பித்தலின்போது 'பூட்' பிரிவு நிரம்பிவிடுவதால், இனிட்ராம்எஃப்எஸ் முழுமையாக எழுதப்படாமற் போவது அதற்கு ஒரு காரணம். பட்டியலில் உள்ள பழைய கருவைத் தேர்ந்தெடுத்தால் அந்நிலையில் கணினி பெரும்பாலும் எழுந்துவிடும். பழைய கருக்களில் ஒன்றையேனும் அழியாமல் வைத்திருப்பதன் பயன் அன்று விளங்கும்.

'கிரப் ரெஸ்கியூ' நிலையிலும் வழி உண்டு. எல்எஸ் என்னும் கட்டளையை இட்டால், தனக்குத் தெரியும் தட்டுகளையும் பிரிவுகளையும் கிரப் வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக் 'கிரப்' என்னும் அடைவு உள்ள பிரிவைக் கண்டறிந்து, அவ்விடத்தை அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பின்னர் 'நார்மல்' என்னும் கூறினை ஏற்றி இயக்கினால், பழைய பட்டியல் தோன்றும். எனினும், இஃது அன்றைய ஓட்டத்திற்கு மட்டுமே உதவும். கணினியை அணைத்தால் பழைய நிலையே திரும்பும்.

நிலையான சீரமைப்பிற்கு லினக்ஸ் பதித்த ஒரு பென்டிரைவ் வேண்டும். அதிலிருந்து கணினியை எழுப்பினால், வன்தட்டில் எதையும் மாற்றாமலே லினக்ஸ் இயங்கும். அவ்வாறு எழுப்பியவுடன் செய்யத்தக்க முதற் செயல், வன்தட்டின் பிரிவைத் திறந்து இன்றியமையாத கோப்புகளை வேறு தட்டிற்குப் படியெடுப்பதாகும். சீரமைப்பு அதன் பின்னரே வரவேண்டும். பிறகு, வன்தட்டிலுள்ள லினக்ஸ் பிரிவை இணைத்து, சிஎச்ரூட் என்னும் கட்டளையால் அதனுள் நுழைய வேண்டும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில், கிரப்-இன்ஸ்டால் என்னும் கட்டளை ஏற்றியை மீண்டும் உரிய இடத்தில் வைக்கும். அப்டேட்-கிரப் என்னும் கட்டளை பட்டியலைப் புதிதாக எழுதும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. பயாஸ் முறைக் கணினியில், ஏற்றியை வைக்க வேண்டிய இடமாக முழுத் தட்டின் பெயரைக் கூறாமல், அதிலுள்ள ஒரு பிரிவின் பெயரைக் கூறிவிடுவது ஒன்று. யூ.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவப்பட்ட கணினியை, பென்டிரைவிலிருந்து பழைய முறையில் எழுப்பிச் சீர்செய்ய முயல்வது மற்றொன்று. கட்டளையை இடுமுன் தட்டின் பெயரை இருமுறை பார்த்தல் நன்று. ஓரெழுத்து மாறினால் வேறு தட்டின்மேல் எழுதிவிட நேரும்.

பெரிய நிறுவனங்களையும் இத்துன்பம் விட்டுவைப்பதில்லை. 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கிரப்பின் பாதுகாப்பில் ஒரு குறை கண்டறியப்பட்டு உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. பூட்ஓல் என்பது அதற்கு இடப்பட்ட பெயர். குறையை நீக்க ரெட்ஏட் நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டது. அத்திருத்தங்களை ஏற்ற கணினிகள் சில, மறுமுறை எழுப்பியபோது எழவில்லை. கிரப்பிற்கு முன் இயங்கும் சிம் என்னும் சிறுநிரலில் நேர்ந்த பிழையே காரணம். அக்கணினிகளை மீட்டவர்கள் எவற்றையும் அழிக்கவில்லை. மீட்புத் தட்டிலிருந்து எழுப்பி உட்சென்று, பழுதுற்ற நிரலுக்கு மாற்றாக முந்தைய நிரலை வைத்தனர். சில நாள்களில் திருத்தப்பட்ட நிரலும் வெளிவந்தது. பழுது சிறு இடத்தில் இருந்தது. சீரமைப்பும் அச்சிறு இடத்தோடு நின்றது.

எல்லாப் பழுதும் இவ்வாறு எளிதில் தீரும் என்று கருதலாகாது. வன்தட்டே தேய்ந்து பழுதுற்றால், கிரப்பை எத்தனை முறை வைத்தாலும் பயனில்லை. தட்டு வழக்கமல்லாத ஒலி எழுப்பினாலோ, படிப்பதில் பிழை மிகுந்தாலோ, மேலும் எழுத முயலாமல் நிறுத்திவிடுதல் வேண்டும். அந்நாளில், முன்னரே படியெடுத்து வைத்தவரே கவலையின்றி இருப்பர்.

அலுவலகத்தில் கறுத்த திரையின்முன் நின்ற எழுத்தர் செய்ய வேண்டுவது யாது? அழிக்கச் சொல்லும் அவசரக் குரலுக்குச் செவிசாய்க்காமல், திரையில் உள்ள அச்சிறு வரியை முழுவதும் படித்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கோல் எங்கே தவறியது என்பதை அவ்வரி கூறும். தவறிய இடத்தில் கோலை எடுத்துக் கொடுத்தால் ஓட்டம் தொடரும். தொடக்கத்தில் நிற்கும் சிறு நிரல் வழி தவறியமையால், அதன் பின்னே உறங்கும் ஓராண்டு உழைப்பைத் துடைத்தெறிய வேண்டுவதில்லை.