உங்க பழைய போன் கடைசியில எங்க போகுது?

உங்க மேசை டிராயர்ல செத்துப்போன போன் எத்தனை கிடக்கு? குப்பைத் தொட்டியில போட்டா, காய்கறித் தோலோட சேர்ந்து குப்பைக் கிடங்குக்குப் போயிடும். காயலான் கடைக்குப் போனா, பல இடங்கள்ல செம்புக்காக ஒயரை எரிப்பாங்க. தங்கத்துக்காக சர்க்யூட் போர்டை ஆசிட்ல முக்குவாங்க. அந்தப் புகையை முதல்ல சுவாசிக்கிறது அங்க வேலை செய்றவங்கதான்.

முறையான ஆலையில கழற்றி, அரைச்சு, உலோகங்களைப் பிரிப்பாங்க. மிஞ்சுற நச்சுக் கழிவை மட்டும் பாதுகாப்பா புதைக்கணும். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல தொழிற்சாலைக் கழிவுக்கு அப்படி ஒரு பொது இடம் இருக்கு. இந்த மாதிரி குழிகள்ல அடியில நீர் கசியாத விரிப்பு, கசிவுநீரைப் பிடிக்கக் குழாய் எல்லாம் இருக்கணும். இல்லைன்னா ஈயம் நிலத்தடி நீருக்குப் போயிடும்.

2022-ல உலக மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையா மறுசுழற்சி ஆனதா பதிவானது 22.3 சதவீதம்தான். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள இந்திய விதிகள் இந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்கிட்ட கொடுத்திருக்கு. அதனால டேட்டாவை அழிச்சிட்டு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கிட்டயே கொடுங்க.