வயித்துல சில்லுன்னு ஒரு ஜெல்

கொட்டச்சேட்டுலேர்ந்து குப்பனூர் வழியா மலையிறங்கி, மாசமா இருக்கும்போது சேலத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருக்கீங்களா? கட்டில்ல படுத்ததும் வயித்துல சில்லுன்னு ஒரு ஜெல்லைத் தடவுவாங்களே, அது எதுக்குன்னு யோசிச்சதுண்டா?

அது ஏதோ மருந்துன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. ஒலிக்குப் போட்டுக் கொடுக்கிற பாதை அது.

மலைச்சரிவுல நின்னு ஒரு கூப்பாடு போட்டா, எதிர்ப் பாறையில பட்டு நம்ம குரலே நமக்குத் திரும்பி வருமில்லையா? ஸ்கேனும் அந்த எதிரொலிதான். டாக்டர் கையில இருக்கிற ப்ரோப், நம்ம காதுக்கு எட்டாத ஒலியை உடம்புக்குள்ள அனுப்பும். அது பட்டுத் திரும்பி வர்றதை வெச்சுத்தான் திரையில படம் உருவாகுது. எலும்பு பளிச்சுன்னு வெள்ளையா இருக்கும். குழந்தையைச் சுத்தியிருக்கிற பனிக்குடத் தண்ணி கறுப்பாத் தெரியும்.

ஆனா இந்த ஒலிக்குக் காத்து ஆகவே ஆகாது. தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவுல மெல்லிசாக் கொஞ்சம் காத்து இருந்தாப் போதும், அனுப்புன ஒலி கிட்டத்தட்ட மொத்தமும் வாசலோட திரும்பிடும். உள்ளே இருக்கிறது ஒண்ணும் தெரியாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஜெல். அதுல பெரும்பகுதி வெறும் தண்ணிதாங்க, துடைச்சாப் போயிடும்.

அதனால அடுத்த தடவை சில்லுன்னு பட்டதும் பயந்துடாதீங்கம்மா. கொஞ்சம் தலையைத் திருப்பித் திரையைப் பாருங்க. சின்னதா ஒண்ணு படபடன்னு மினுக்கும். அதுதான் உங்க குழந்தையோட இதயம்.