உங்கள் அடுப்பில் யார் சமைக்கிறார்கள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். வெப்சைட்டும் உண்டு: மெஷின் படங்கள், முகவரி, விலை கேட்க ஒரு படிவம். மைத்துனரின் நண்பர் வேர்ட்பிரஸில் போட்டுக் கொடுத்தது. அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. "இதுல திருட என்ன சார் இருக்கு?" என்பார் முதலாளி.

அந்த வெப்சைட்டை ஜி.என்.டி. சாலையோர மெஸ்ஸாக நினைத்துப் பாருங்கள். சர்வர்தான் சமையலறை, அதுவும் வாடகைக்கு எடுத்தது. டேட்டாபேஸ் சரக்கறை. படிவம், ஆர்டர் சீட்டை நீட்டுகிற ஜன்னல்.

வம்பு அந்த ஜன்னலில்தான். சமையல்காரர் வெள்ளந்தி, சீட்டில் இருப்பதை அப்படியே செய்வார். ஒருவன், "ரெண்டு இட்லி. அப்புறம் சரக்கறையைத் திறந்து கடன் நோட்டை இந்தப் பக்கம் நீட்டு" என்று எழுதித் தருகிறான். இட்லியோடு நோட்டும் வந்துவிடுகிறது! எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான். 1998-லேயே வெளியில் வந்துவிட்ட வித்தை, இன்றும் பலிக்கிறது. மாற்று, கட்டம் போட்டு அச்சடித்த சீட்டு. 'பலகாரம்' என்ற கட்டத்தில் என்ன எழுதினாலும் அது பலகாரத்தின் பெயர்தான், உத்தரவு ஆகாது. "அப்படி ஒரு பலகாரம் இங்கே இல்லை" என்று சீட்டு திரும்பிவிடும். புரோகிராமர்கள் இதை ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்பார்கள்.

பிளக்‌இன் என்கிற துணை மென்பொருள், கடையில் வாங்கிய மசாலா பாக்கெட். குறை தெரிந்து கம்பெனி புது பாக்கெட் விட்ட அன்றே, பழையதில் என்ன கோளாறு என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அப்டேட்டைத் தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். கதவைத் தட்டிப் பார்க்க ஆளும் வருவதில்லை. புரோகிராம் ஒன்று ராத்திரி முழுக்கத் தெருத்தெருவாகத் தட்டிக்கொண்டே போகும். அது போர்டைப் படிப்பதில்லை. கடை சின்னதா பெரிதா என்றும் பார்ப்பதில்லை.

உள்ளே வந்தவனுக்கு உங்கள் கல்லாப்பெட்டி வேண்டாம், அடுப்பும் போர்டும் போதும். உங்கள் கம்பெனி பெயரை கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்தில் போலி பிராண்டு சரக்கு விற்பனை! இதற்கு 'ஜாப்பனீஸ் கீவேர்டு ஹேக்' என்றே பெயர். நீங்கள் சைட்டைத் திறந்தால் எல்லாம் பழையபடியே இருக்கும். கூகுளுக்கு மட்டும் வேறு தட்டு பரிமாறப்படும். பிறகு பிரவுசரில் சிவப்பு எச்சரிக்கை வரும். விலை கேட்க வந்த பர்சேஸ் ஆபீசர் அதைப் பார்த்தபின் படிவத்தை நிரப்புவாரா?

பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் தருகிறவர்களுக்கு இன்னொன்று. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டை விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நுழைந்தது, அங்கே குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தின் பாஸ்வேர்டு வழியாக.

பேக்கப்பை அதே சர்வரில் வைக்காதீர்கள். உறைமோர் கொஞ்சம் பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும். ஹேக் ஆனபின் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் தீராது. வந்தவன் ஆட்டுக்கல்லுக்கு அடியில் மாற்றுச்சாவி ஒளித்துவிட்டுப் போயிருப்பான்.

சைட் ஹேக் ஆனது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. சிறு தொழில்களுக்குக் கொடுத்த அவகாசமும் அந்த ஆண்டு செப்டம்பர் 25-ஓடு முடிந்துவிட்டது. பணமும் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.