சந்தன மரமும் உதவாக்கரை மரமும்

திருப்பத்தூரைச் 'சந்தன நகரம்' என்று சொல்வாங்க. ஜவ்வாது மலைச் சந்தனம் இங்குள்ள வனத்துறைக் கிடங்குக்கு வந்து ஏலம் போகும். அதனால் வந்த பெயர். இந்தப் பெருமையில் ஒரு சங்கடமும் இருக்கு. மலையில் மரம் விழுந்தால்தான் ஊருக்குப் பெயர்!

சந்தன மரத்தின் மணம் பட்டையில் இல்லை. நடுவில் இருக்கும் வைரத்திலும் வேரிலும்தான் இருக்கு. வைரம் பாய பல வருஷம் ஆகும். பாய்ந்த பிறகு சும்மா விடமாட்டாங்க. வேரிலும் எண்ணெய் இருப்பதால் வேரோடு தோண்டி எடுப்பாங்க. மரத்தின் சிறப்பே அதன் ஆயுளுக்கு எதிரி ஆகிவிடுகிறது. நம்ம ஊர் மொழியில் சொன்னா, காய்த்த மரம்தான் கல்லடி படும்.

சீன ஞானிகளைப் படிக்கத் தொடங்கியபோது என்னை முதலில் பிடித்து நிறுத்தியது இதே விஷயம்தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜுவாங்ஸி, தாவோ மரபின் பெரிய கதைசொல்லி. அவர் பெயரிலேயே உள்ள நூலின் 4ஆம் அத்தியாயத்தில் இந்தக் கதை வருகிறது.

ஷி என்ற தச்சர் சீடனோடு போகிறார். வழியில் ஒரு கோயில் மரம். ஆயிரக்கணக்கான மாடுகள் நிழலில் நிற்கலாம், அவ்வளவு பெருசு. சீடன் வாயைப் பிளந்து பார்க்கிறான், தச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகு செய்தால் மூழ்கும், தூண் நட்டால் பூச்சி அரிக்கும், எதுக்கும் ஆகாத மரம் என்கிறார். அன்றிரவு கனவில் அந்த மரமே வருகிறது. பழ மரங்களின் கிளைகளை எப்படி ஒடிக்கிறார்கள் என்று காட்டி, எதற்கும் உதவாமல் இருக்க நான் எவ்வளவு காலம் பாடுபட்டேன் தெரியுமா என்று கேட்கிறது.

நம்ம ஊர் எல்லைச் சாமி கோயில் ஆலமரத்தை நினைச்சுப் பாருங்க. தச்சர்கள் அவ்வளவாகத் தேடி வராத மரம். ஊரே அதன் நிழலில் உட்காரும்.

அப்ப, சோம்பேறியா இருன்னு சொல்றாரா? இல்லை. 20ஆம் அத்தியாயத்தில் அவரே தன் கதைக்கு ஒரு எதிர்க்கதை வைக்கிறார். நண்பர் வீட்டில் விருந்து. இரண்டு வாத்துகளில் ஒன்று கத்தும், இன்னொன்று கத்தாது. கத்தாததைத்தான் அறுக்கிறார்கள்! மரம் உதவாததால் பிழைத்தது, வாத்து உதவாததால் செத்தது. நீங்கள் எந்தப் பக்கம் என்று சீடன் கேட்க, ஜுவாங்ஸி சிரிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்பேன் என்கிறார். உடனே, அந்த நடுவும் முழுப் பாதுகாப்பில்லை, காலத்தோடு சேர்ந்து மாறிக்கொள் என்கிறார்.

எனக்குப் புரிந்தது இதுதான். 'பயன்' என்பதை அளக்கும் படி எப்போதும் அடுத்தவர் கையில் இருக்கிறது. பொறுப்பாகச் செய்கிறாளே என்று வீட்டு வேலை முழுக்க மூத்த பெண் தலையில் விழுவதைப் பார்க்கிறோம், அது சந்தன மரத்தின் கதை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரின் பேச்சை யாரும் கேட்காமல் போவதையும் பார்க்கிறோம். அது கத்தாத வாத்தின் கதை. இரண்டு பேரையும் அளப்பது ஒரே படிதான்.

அதனால் ஒரு வேலை வந்து சேரும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இதில் யாருக்குப் பயன்? இதைச் செய்தால் என் வேர் மிஞ்சுமா? சந்தனப் பழத்தைப் பறவைகள் தின்று விதையை வேறு இடத்தில் போடுகின்றன. பறவைக்கும் பயன், மரமும் நிற்கிறது. உதவி அப்படி இருந்தால் தாராளமாகச் செய்யலாம். வேரையே கேட்டால், 'முடியாது' என்று சொல்வதில் தப்பில்லை.