பணியிடத் தாவாக்களில் சமரசம்: மதிப்பிட வேண்டியது எதை?

தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் இடையே எழும் தாவா தீர்ப்பாயத்தை எட்டும் முன்பாக, அரசு நியமித்த அலுவலர் ஒருவர் இருதரப்பையும் அழைத்துப் பேசி, தாமாகத் தீர்ப்பு எதுவும் கூறாமல், அவர்களே ஓர் உடன்பாட்டுக்கு வரத் துணைநிற்கும் ஏற்பாடு சமரசம் எனப்படுகிறது. இதற்கு அடித்தளமிட்ட 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோதும் சமரசம் என்னும் கட்டம் கைவிடப்படவில்லை. பழைய முறையில், சமரசம் முறிந்த தாவாவை விசாரணைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை பெரும்பாலும் அரசிடம் இருந்தது. புதிய முறையில் சம்பந்தப்பட்ட தரப்பே நேராகத் தீர்ப்பாயத்தை நாடலாம் என்பதால், நடுவில் இருந்த அந்தத் தடை நீங்கி, சமரச அலுவலரின் மேசையே தொழிலாளி கடக்க வேண்டிய முக்கிய வாயிலாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இப்பணியைத் தொழிலாளர் நலத்துறையின் உதவி ஆணையர்களும் அவர்களுக்கு மேற்பட்ட நிலையினரும் செய்கின்றனர். வங்கி, ரயில்வே, காப்பீடு, பெருந்துறைமுகம் போன்ற மத்திய அரசின் வரம்புக்குட்பட்ட துறைகளுக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையரகத்தின் அலுவலர்கள் உள்ளனர். இவர்கள் தரப்பினரை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் அதிகாரம் பெற்றவர்களே தவிர, வேலையைத் திரும்பக் கொடு என்றோ, இவ்வளவு பணம் கொடு என்றோ ஆணையிடும் அதிகாரம் பெற்றவர்கள் அல்லர். இந்த வேறுபாட்டை அறியாத தொழிலாளி, அலுவலர் சொல்லும் ஆலோசனையை உத்தரவாக எண்ணி, இதற்கு மேல் வழியில்லை என்று கையெழுத்திட்டுவிடும் ஆபத்து உண்மையானது.

இத்தகைய சேவையை எவ்வாறு மதிப்பிடுவது என்ற கேள்விக்கு, வந்த தாவாக்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை என்ற கணக்கே வழக்கமான விடையாக இருந்துவருகிறது. அக்கணக்கு பயனற்றதன்று, ஆயினும் அது மறைப்பது, காட்டுவதைவிட அதிகம். நியாயமான தொகை பெற்றுச் சென்றவரும், வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று அலைந்து சலித்துக் கிடைத்ததை வாங்கிக்கொண்டவரும், கையெழுத்தான ஒப்பந்தத்தின் பணம் இன்னும் கைக்கு வராதவரும் அப்பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். பிரிட்டனில் தொழில் தீர்ப்பாயங்களில் வென்றவர்களைக் குறித்து 2013இல் வெளியான அரசு ஆய்வு, தீர்ப்பளிக்கப்பட்ட தொகையை முழுமையாகப் பெற்றவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேரே என்றும், மூன்றில் ஒரு பங்கினருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்றும் கண்டது. நீதிபதியின் ஆணைக்கே இந்நிலை என்றால், சமரச ஒப்பந்தங்களையும் கையெழுத்தான நாளில் அல்லாமல் பணம் வர வேண்டிய நாளில்தான் அளக்க வேண்டும் என்பது தெளிவு.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இல் ஏற்ற 92ஆம் பரிந்துரை, சமரச நடைமுறை கட்டணமின்றியும் விரைவாகவும் அமைய வேண்டும் என்று கூறுகிறது. கட்டணமின்மை இந்தியாவில் உண்டு. விரைவு என்பது வேறு கதை. பழைய சட்டம் பதினான்கு நாட்களுக்குள் அறிக்கை அனுப்பப்பட வேண்டும் என்று வரையறுத்திருந்தும், அவ்வரம்பு மீறப்பட்டதால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பீகார் அரசுக்கும் கிருபா சங்கர் ஜெய்ஸ்வாலுக்கும் இடையிலான வழக்கில் கூறியது. சட்டத்தின் தர்க்கப்படி அது சரியான நிலைப்பாடுதான். அலுவலரின் தாமதத்துக்காகத் தரப்பினர் தண்டிக்கப்படலாகாது. ஆனால் மீறினாலும் விளைவில்லாத காலவரம்பு நடைமுறையில் வரம்பாகவே இருப்பதில்லை. ஊதியமின்றிக் காத்திருக்கும் தொழிலாளிக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு மாத வாடகை. நிர்வாகத்துக்கோ அது மனிதவள அலுவலரின் ஒரு நாள் பயணம் மட்டுமே. எனவே தாமதம் இருதரப்புக்கும் பொதுவான குறை அன்று, ஒருதரப்பின் பேரம்பேசும் வலிமையைக் கூட்டும் காரணி என்றே அதைக் கருத வேண்டும்.

புதிய சட்டத்தொகுப்பு பொதுவாக நாற்பத்தைந்து நாட்களையும், வேலைநிறுத்த அறிவிப்பு தரப்பட்ட தாவாக்களுக்குப் பதினான்கு நாட்களையும் வரையறுத்துள்ளது. பணிநீக்கம், பணிவிலக்கல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் தனிப்பட்ட முறையில் வேலையிழந்த தொழிலாளி, சமரச அலுவலரிடம் மனுக்கொடுத்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாட்கள் கடந்ததும், சமரசம் முடியும் வரை காத்திராமல் நேரே தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் வேலைபோன நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அது நிகழ வேண்டும். முன்பு இவ்வரம்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது என்பதால், பழைய கணக்கை நினைவில் வைத்திருப்போர் உரிமையை இழக்கக்கூடும். ஏனைய தாவாக்களில், சமரசம் முறிந்ததைத் தெரிவிக்கும் அறிக்கை கையில் கிடைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே மனுவைக் கொடுக்கும்போதே தேதியிட்ட ஒப்புகையைப் பெறுவதும், தபாலில் அனுப்பினால் விரைவுத்தபாலில் அனுப்பி அதன் ஒப்புகையைப் பாதுகாப்பதும், அறிக்கை வந்த உறையைக்கூடத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதும் வழக்கின் உயிரையே காக்கும் செயல்களாகும். சட்டம் மாறிய காலத்தையொட்டி வேலையிழந்தவர்கள், தங்களுக்குப் பொருந்தும் வரம்பு எது என்பதைத் தொழிற்சங்கத்திடமோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ உறுதிசெய்துகொண்டு, ஐயம் இருந்தால் குறைந்த காலத்தையே எல்லையாகக் கொள்வது பாதுகாப்பானது.

தொழிற்சங்க வட்டாரங்களில் 12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம் என்று இன்றும் பழைய சட்டத்தின் பிரிவெண்களாலேயே குறிக்கப்படும் இருவகை உடன்பாடுகளின் வேறுபாடு, கையெழுத்திடும் எவரும் அறிந்திருக்க வேண்டியது. இருதரப்பும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னிலையில் உருவாகும் 12(3) ஒப்பந்தமோ அந்த நிறுவனத்தின் அனைத்துத் தொழிலாளர்களையும், கையெழுத்திடாத சங்கத்தினரையும், பின்னாளில் வேலைக்குச் சேர்வோரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். ஓர் ஒப்பந்தத்தை முழுமையாகவே நோக்க வேண்டும், கூறுகூறாகப் பிரித்து எடைபோடக் கூடாது என்று ஹெர்பர்ட்சன்ஸ் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், ஒரு ஷரத்து மட்டும் அநியாயமானது என்று பிற்பாடு வாதிடுவது எளிதன்று. ஆகவே அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தமாகும்போது அது நியாயமானதுதானா என்று பார்க்கும் கடமை அவருக்கும் உண்டு. முடிந்த தாவாக்களின் எண்ணிக்கையைக் கொண்டே பாராட்டப்படும் ஓர் அலுவலரிடம் அக்கடமை தளர்வது இயல்பு.

தனிநபர் தாவாக்களில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் தொகையின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. நிர்வாகம் முன்வைக்கும் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், அதில் பணிக்கொடை, நிலுவை ஊதியம், எடுக்கப்படாத விடுப்புக்கான ஊதியம், போனஸ் ஆகியவை அடங்கியிருந்தால், தாவா இல்லாவிட்டாலும் தொழிலாளிக்குச் சட்டப்படி வந்தே தீர வேண்டிய பணத்தையே நிர்வாகம் சமரசத்தின் விலையாகக் கொடுக்கிறது என்று பொருள். சட்டப்படி உரியவற்றை முதலில் தனியே கணக்கிட்டு ஒதுக்கிவிட்டு, வேலையிழப்புக்கு ஈடாக அதற்கு மேல் என்ன தரப்படுகிறது என்று கேட்பதே சரியான முறை. அதேபோல், பணிநீக்கம் செய்யப்பட்டவரிடம் ராஜினாமாக் கடிதம் கேட்கப்பட்டால், தாவாவின் அடிப்படையே அதனால் கரைந்துவிடும் என்பதையும், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்ற வரி வருங்கால வைப்பு நிதிக் குறைபாடு, பணியிட விபத்துக்கான இழப்பீடு போன்ற தொடர்பில்லாத உரிமைகளின் மீதும் நிழல் பரப்பக்கூடும் என்பதையும் உணர வேண்டும். எந்தத் தேதியில், எந்த வழியில், எத்தனை தவணையில் பணம் வரும், தவறினால் வட்டி என்ன என்பவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட தொகை வராதபோது, நில வருவாய் நிலுவையைப் போல அதை வசூலித்துத் தரும்படி அரசிடம் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பொதுவாக ஓராண்டு வரம்பு உண்டு.

சமரசம் நடந்துகொண்டிருக்கும் காலத்தில், தாவாவுக்குள்ளான பொருள் குறித்த பணி நிலைமைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றவோ, அத்தாவாவோடு தொடர்புடைய நடத்தைக்காக எழுத்துமூல அனுமதியின்றி ஒருவரை நீக்கவோ நிர்வாகத்துக்கு உரிமையில்லை. இது தொழிலாளிக்கான கேடயம். இதன் மறுபக்கமாக, சமரசம் நடக்கும்போதும் அது முடிந்த பின் ஏழு நாட்கள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது என்ற தடை முன்பு பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. புதிய சட்டத்தொகுப்பு அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டதோடு, பாதிப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றுசேர்ந்து தற்செயல் விடுப்பு எடுப்பதையும் வேலைநிறுத்தம் என்றே வரையறுத்துள்ளது. சமரசத்தை இழுத்தடித்தால் வேலைநிறுத்த உரிமையும் கூடவே உறைந்துபோகும் என்பதால், தாமதத்தின் விலை கூட்டுத் தாவாக்களிலும் இப்போது தொழிலாளர் தலையிலேயே கூடுதலாக விழுகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்களுக்குப் பின் அரசின் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையால் முடிவுக்கு வந்தது; ஆனால் ஊதிய ஒப்பந்தம் 2025 மே மாதத்தில்தான் கையெழுத்தானது. வேலைநிறுத்தம் நின்ற நாளை மட்டும் குறித்துக்கொள்ளும் மதிப்பீடு, அதற்குப் பிந்தைய அந்த ஏழு மாதங்களைக் காணாது.

சமரச நடவடிக்கையில் வழக்கறிஞர்கள் வாதாட முடியாது என்ற விதி, செலவைக் குறைத்து இருதரப்பையும் சமமாக்கும் நோக்கில் செய்யப்பட்டது. ஆனால் நிறுவனத்தின் சார்பில் சட்டம் கற்ற மனிதவள மேலாளர் அமர, எதிரே சங்கமில்லாத ஒப்பந்தத் தொழிலாளியோ தமிழறியாத புலம்பெயர் தொழிலாளியோ தனியே அமரும் அறையில் அந்தச் சமத்துவம் நிலைக்காது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி தொழிலாளர்களும் பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு பாராது இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அறைக்குள் வழக்கறிஞர் வர முடியாவிட்டாலும், மனுவை எழுதவும் ஒப்பந்த வரைவைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கவும் அவ்வுதவியைக் கோரலாம். வரைவை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஓரிரு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்ல எந்தத் தொழிலாளியும் தயங்க வேண்டியதில்லை.

எல்லாத் தாவாவும் சமரசத்துக்கு உரியதன்று. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்ட பெண் தாமே கேட்டால் ஒழிய, புகாரை விசாரிக்கும் நிறுவன உள்ளகக் குழு சமரசம் பேசக் கூடாது. கேட்டாலும் பணத்தை அதற்கு அடிப்படையாக்கக் கூடாது. அவ்வாறு தீர்வு எட்டப்பட்டால் அப்புகார் மீது மேற்கொண்டு விசாரணை நடக்காது என்பதால், குழுவோ மேலாளரோ சமரசத்தை முன்மொழிவதே அத்துமீறலாகும்.

சமரசம் முறிந்தபோது எழுதப்படும் அறிக்கையும் சேவையின் தரத்துக்கான சான்றே. நிர்வாகத்தின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள எவரும் எத்தனை வாய்தாக்களுக்கு வரவில்லை, கேட்கப்பட்ட எந்த ஆவணம் தரப்படவில்லை, இருதரப்பும் இறுதியாக எந்த நிலையில் நின்றன என்பவற்றை அது பதிவுசெய்திருந்தால், உடன்பாடு ஏற்படாத தாவாவிலும் தொழிலாளி வெறுங்கையோடு வெளியேறுவதில்லை. உடன்பாடு ஏற்படவில்லை என்ற ஒற்றை வரியோடு அது முடிந்திருந்தால், விடுபட்ட விவரங்களைக் குறிப்பிட்டு அவ்வலுவலருக்கு உடனே எழுத்துமூலம் ஆட்சேபம் அனுப்பி, அதன் நகலைத் தீர்ப்பாய மனுவோடு இணைத்துக்கொள்ளலாம்.