ஆக்டா கோர் போன்... எட்டும் வேலை செய்யுதா?

மொபைல் கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் வசனம் இது: ''ஆக்டா கோர் சார், எட்டு ப்ராசஸர் இருக்கு, பறக்கும்!'' நம்பி வாங்கிய போன், சில மாதங்களில் வாட்ஸ்அப்பைத் திறக்கவே யோசிக்கிறது. அந்த எட்டுப் பேரும் எங்கே போனார்கள்?

கோர் என்பது கணக்குப் போடும் ஒரு தனி மூளை. ஒரே சிப்புக்குள் இப்படி எட்டு மூளைகள். ஆனால், யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பது ஆபரேட்டிங் சிஸ்டம்தான். ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னலில் 'ஷெட்யூலர்' என்றொரு மேஸ்திரி உண்டு. ஒவ்வொரு ஆப்பும் தன் வேலைகளை 'த்ரெட்' எனும் துண்டுகளாகத் தரும். எந்த கோர் சும்மா இருக்கிறது, எது மூச்சு முட்டுகிறது என்று பார்த்து, சில மில்லி செகண்டுகளுக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொண்டே இருப்பார் மேஸ்திரி.

சிக்கல் எங்கே என்றால், துண்டாக்க முடியாத வேலையை மேஸ்திரியாலும் பிரிக்க முடியாது. எட்டு சமையல்காரர்கள் இருந்தால் காய் நறுக்குவது சீக்கிரம் முடியும். சாதம் வேகிற நேரம் குறையுமா? இதைத்தான் 1967-லேயே கணக்காகச் சொன்னார் ஜீன் ஆம்டால். ஆண்ட்ராய்டு ஆப்களில் திரையையும் தொடுதலையும் கவனிப்பது 'மெயின் த்ரெட்' என்ற ஒன்றே ஒன்று. அதில் வேலை குவிந்தால் ஒரு கோர் வியர்க்கும், மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கும். போன் 'ஹேங்' ஆவதில் பாதிக் கதை இதுதான்.

இன்னொரு விஷயம், எட்டும் ஒரே ரகம் அல்ல. 2011-ல் ஏஆர்எம் நிறுவனம் 'பிக்.லிட்டில்' முறையை அறிவித்தது. கேம், கேமராவுக்குப் பெரிய கோர்கள். பாட்டு, மெசேஜுக்கு பேட்டரியை மிச்சம் பிடிக்கும் சின்ன கோர்கள். 2013-ல் இந்தியாவுக்கு வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்4-ல் எட்டு கோர்கள் இருந்தன. ஆனால், ஒரு நேரத்தில் ஓடியது நான்குதான்! பெரிய நான்கு அல்லது சின்ன நான்கு. பெட்டியில் மட்டும் 'ஆக்டா'.

பிறகு மேஸ்திரியும் தேறினார். எந்த கோரில் ஓடினால் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று கணக்குப் பார்த்து வேலை கொடுக்கும் வசதி, 2019-ல் லினக்ஸ் 5.0-ல் சேர்ந்தது. கண் முன்னால் திறந்திருக்கும் ஆப்புக்குத்தான் ஆண்ட்ராய்டு பெரிய கோர்களைத் தாராளமாகத் தருகிறது. பின்னணியில் இருப்பவை பெரும்பாலும் சின்ன கோர்களுக்குத் தள்ளப்படும். அடிக்கடி பயன்படுத்தும் ஆப்பை ஸ்வைப் செய்து மூடினால், அடுத்த முறை அதை முதலிலிருந்து திறக்க பெரிய கோர்தான் மறுபடி உழைக்க வேண்டும். பேட்டரி மிச்சமாகும் என்று செய்வது சில நேரம் கூடுதல் செலவு. போன் சூடானால் கோர்களின் வேகத்தை சிஸ்டமே குறைத்துவிடும். சார்ஜில் போட்டபடி கேம் ஆடினால் தடுமாறுவது அதனால்தான்.

2016-ல் வந்த ஸ்னாப்டிராகன் 625-ல் எட்டும் கார்டெக்ஸ் ஏ53, அதாவது எட்டும் சின்ன ரகம். ஐபோன் 11-ல் மொத்தமே ஆறு கோர்கள்தான்: பெரியது இரண்டு, சின்னது நான்கு. ஆனாலும் வேகத்தில் அந்த எட்டு இந்த ஆறின் பக்கத்தில்கூட வராது. அடுத்த முறை கடையில் 'எத்தனை கோர்?' என்பதோடு, 'அதில் பெரிய கோர் எத்தனை, பெயர் என்ன?' என்றும் கேளுங்கள். ஏ53, ஏ55 என்று மட்டும் பதில் வந்தால் எல்லாம் சின்னது. ஏ76, ஏ78 என்று வந்தால் பெரியதும் இருக்கிறது.